பழைய வேகன்ஆர்: வெளி விளக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே எல்இடி ஆக்கலாமா?

திண்டுக்கல் வேகன்ஆர்:

எல்லோருக்கும் வணக்கம். 2012 மாடல் வேகன்ஆர் வைத்திருக்கிறேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, விற்கும் எண்ணம் இல்லை. ஒரே குறை, இரவில் வெளிச்சம் போதவில்லை. வேலை ஒட்டன்சத்திரத்தில். திண்டுக்கல் திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். தை மாதம் வந்துவிட்டால் அந்தச் சாலை ஓரம் முழுக்கப் பழனி பாதயாத்திரைக் கூட்டம். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறார்கள். ஒட்டாதவர்கள் கிட்டே போன பிறகுதான் கண்ணில் படுகிறார்கள். பயமாக இருக்கிறது.

ஹெட்லைட், பார்க்கிங், இண்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ், நம்பர் பிளேட் என்று எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆன்லைனில் எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் வரும் ஹெட்லைட் வகை) எல்இடி ஜோடி ஒன்றுக்கு 20,000 லூமன் வெளிச்சம் என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? மல்டிமீட்டர் இருக்கிறது, சாலிடரிங் தெரியும். வண்டியின் வயரிங்கை வெட்ட மட்டும் மனம் வரவில்லை. எதில் தொடங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

தம்பி, முதலில் அந்த 20,000 லூமனை மறந்துவிடுங்கள். நல்ல எச்4 ஹாலஜன், அதாவது இழை சூடாகி எரியும் பழைய வகைப் பல்பு, லோ பீமில் (டிம்) சுமார் 1,000 லூமன், ஹை பீமில் (பிரைட்) 1,650 லூமன் தரும். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தருவதாக வைத்துக்கொண்டாலும், 20,000 லூமன் வர 130 வாட்டுக்கு மேல் வேண்டும். விரல் நீளப் பல்பு அந்தச் சூட்டைத் தாங்காது. பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

சின்ன விளக்குகளில் தொடங்குங்கள். நம்பர் பிளேட், பார்க்கிங் இரண்டுக்கும் பெரும்பாலும் டி10 என்று கடையில் சொல்லும் 5 வாட் கண்ணாடிப் பல்புதான் இருக்கும். ஆனால் வாங்கும் முன் பழைய பல்பைக் கழற்றி அதில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். டி10 எல்இடியின் கால்கள் மெல்லிய செம்புக் கம்பிகள், பிளாஸ்டிக்கின் இரண்டு பக்கமும் மடித்து விட்டிருப்பார்கள். மலிவான பல்பில் அந்தக் கம்பி நீண்டு எதிர்ப்பக்கக் கம்பியைத் தொட்டுவிடும், ஹோல்டரில் செருகியதும் ஃப்யூஸ் போய்விடும். செருகும் முன் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எரியவில்லை என்றால் பல்பைக் குறை சொல்லாதீர்கள், திருப்பிச் செருகுங்கள். சாதாரணப் பல்புக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் இல்லை, எல்இடிக்கு உண்டு. அதனால் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும்.

அடுத்து ரிவர்ஸ் லைட். என்னைக் கேட்டால் எல்இடி போட்டு அதிகம் பலன் கிடைக்கும் இடம் இதுதான். 21 வாட் மஞ்சள் வெளிச்சத்தை நம்பி இருட்டுச் சந்தில் பின்னால் எடுப்பதும், வெள்ளை எல்இடியில் எடுப்பதும் ஒன்றல்ல. ரிவர்ஸ் கேமரா இருந்தால் படமும் தெளியும்.

பிரேக் லைட்டில் இரண்டு விஷயம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடிதான் போட வேண்டும். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலமும் மஞ்சளும்தான் அதிகம், சிவப்பு குறைவு. அதனால் சிவப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், வெளியே வருவது ஒரு மாதிரி வெளிறிய நிறமாக இருக்கும். இண்டிகேட்டருக்கும் அப்படியே, போட்டால் ஆம்பர் எல்இடி. இரண்டாவது, எல்இடி முகத்தில் மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் சுற்றி இருக்கிற பல்பாக வாங்குங்கள். முகத்தில் மட்டும் இருந்தால் நேர் பின்னால் நிற்பவருக்கு நடுவில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரியும், ரிஃப்ளெக்டர் முழுக்க இருட்டாகக் கிடக்கும். பக்கத்து லேனில் வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஹெட்லைட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், கடையில் ஆள் வந்துவிட்டார்.

சேலம் நைட் டிரைவ்:

ப்ரோ, யோசிக்காமல் எச்4 எல்இடி போடுங்கள். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் அடிக்கடி போகிறேன். எல்இடி போட்ட பிறகு முன்னால் சாலை பால் மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. பழைய ஹாலஜனுக்குத் திரும்பவே முடியாது. கழற்றி மாட்ட அரை மணி நேரம், பல்பு செருகும் கப்ளர் அப்படியே பொருந்தும், ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. கேட்கும்போது எல்லோரும் பயமுறுத்துவார்கள், போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

திருச்சி ஸ்கூட்டர் அக்கா:

சேலம் தம்பி, உங்கள் வண்டிக்கு எதிரே வருகிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் சொல்கிறேன். எனக்குக் கார் இல்லை, ஸ்கூட்டரில்தான் டியூஷன் முடிந்து இரவில் வீடு திரும்புகிறேன். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் ஒரு வெள்ளை எல்இடி கார் எதிரே வந்தால், அது கடந்து போன பிறகும் சில நொடிகளுக்குச் சாலை தெரியாது. அந்தச் சில நொடியில்தான் பள்ளம் வரும், மாடு நிற்கும், ஓரத்தில் மணல் கொட்டியிருக்கும். மழை பெய்து ஹெல்மெட் கண்ணாடியில் துளிகள் இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு துளியும் தனியாக மின்னும். நீங்கள் டிம் போட்டிருந்தாலும் எங்களுக்கு பிரைட் மாதிரிதான் இருக்கிறது. உங்களுக்குச் சாலை தெரிவது எவ்வளவு முக்கியமோ, எதிரே வருகிறவருக்குத் தெரிவதும் அவ்வளவு முக்கியம்.

திண்டுக்கல் தம்பி பாதயாத்திரைக்காரர்களுக்காகக் கவலைப்படுவது ரொம்ப நல்ல விஷயம். அதே சாலையில் எதிரே வருகிற டூவீலர்காரரையும் சேர்த்து யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

அக்கா சொன்னதற்குக் காரணம் எச்4 பல்புக்குள்ளேயே இருக்கிறது. பழைய பல்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். முன்பக்கம் இருப்பது லோ பீம். அதற்குக் கீழே கரண்டியின் குழிவு மாதிரி சின்னத் தகடு ஒன்று தெரியும். பின்னால் இருப்பது ஹை பீம், அதற்குத் தகடு கிடையாது. நுனியில் கறுப்பு பூசியிருப்பார்கள்.

அந்தத் தகடுதான் எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுகிறது. லோ பீம் இழையின் ஒளி கீழே போகாமல் தகடு மறைக்கிறது. அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. கீழ்ப்பாதியில் பட்டால் ஒளி மேலே போகும், அதாவது எதிரே வருகிறவர் முகத்துக்கு. இழை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலே வெளிச்சம் விழும் இடம் மாறிவிடும். வேகன்ஆரின் ரிஃப்ளெக்டர் முழுக்க அந்த இழையின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது.

எல்இடி பல்பில் இழை இல்லை, ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கிறது. தகட்டுக்கே ஒரு தடிமன் உண்டு. சிப் இருக்கும் இடமும் பழைய இழை இருந்த இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். குட்டித் தகடு வைத்து எச்4 மாதிரியே செய்திருந்தாலும், சுற்றிலும் சமமாக ஒளி வீசும் இழை வேறு, இரண்டு பக்கம் மட்டும் வீசும் சிப் வேறு. விளைவு, வெளிச்சம் இருக்க வேண்டிய தூரத்தில் குறைகிறது, இருக்கக் கூடாத உயரத்தில் கூடுகிறது.

சேலம் தம்பி பால் மாதிரி என்று சொன்னாரே, அது வண்டிக்கு முன்னால் பத்து இருபது அடியில் கொட்டும் வெளிச்சம். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் கிட்டே பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கிவிடும், தூரத்தில் நடந்து போகிறவர் முன்னைவிட மங்கலாகத்தான் தெரிவார். பாதயாத்திரைக்காரரைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்காக மாற்றினால், கிடைப்பது அதற்கு நேர் எதிர்.

சேலம் நைட் டிரைவ்:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஆனால் புது வண்டிகளில் கம்பெனியிலேயே எல்இடி வருகிறதே? அது மட்டும் கூசாதா? அப்புறம், என் நண்பனின் காரில் புரொஜெக்டர், அதாவது முன்னால் உருண்டை லென்ஸ் வைத்த ஹெட்லைட், இருக்கிறது. அதில் எல்இடி போட்டிருக்கிறான், எதிரே நின்று பார்த்தேன், கூசவில்லை.

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

கம்பெனி எல்இடியில் லென்ஸ், ரிஃப்ளெக்டர், சூடு தணிக்கும் அலுமினியம் எல்லாமே அந்தச் சிப்பை வைத்தே வடிவமைத்தவை. பல்பை மட்டும் மாற்றுவதோடு ஒப்பிட முடியாது. புரொஜெக்டரில் உள்ளே இருக்கிற தகடு மேல்வெளிச்சத்தை வெட்டிவிடும், அதனால் கூச்சம் குறைவாகத் தெரியும். அதிலும் தூரத்து வெளிச்சம் குறையத்தான் வாய்ப்பு.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 106ஆவது விதி: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால் அவருக்குக் கூசக்கூடாது. அது கிட்டத்தட்ட எதிரே வரும் டூவீலர்காரரின் கண் உயரம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, லோ பீமைப் போட்டு, அந்த இடத்தில் நீங்களே நின்று பாருங்கள். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

லெஸ்டர் தமிழன்:

இங்கிலாந்திலிருந்து ஒரு தகவல். இங்கே காருக்கு எம்ஓடி என்று ஆண்டுச் சோதனை உண்டு. ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்இடியோ எச்ஐடி என்ற வாயு விளக்கோ மாற்றிப் போட்டிருந்தால் 2021 முதல் சோதனையில் ஃபெயில். எய்மிங், அதாவது வெளிச்சம் விழும் திசை, சரியாக இருக்கிறது என்று வாதாடினாலும் பயனில்லை. ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 (இன்னொரு ஹெட்லைட் பல்பு வகை) எல்இடி பல்பு ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் பொதுவான அனுமதி இல்லை. எந்தக் கார், எந்த ஹெட்லைட் என்று சோதித்துப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில் உள்ள வண்டிக்கு மட்டும். ஒரே பல்பு ஒரு ரிஃப்ளெக்டரில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் இருக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கோவை அண்ணன் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

திண்டுக்கல் வேகன்ஆர்:

எல்லோருக்கும் நன்றி. ஹெட்லைட் எல்இடியை ஆர்டர் செய்யவில்லை, கார்ட்டிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் வெளிச்சம் போதாத பிரச்சினை அப்படியே இருக்கிறதே, அதற்கு என்ன வழி? எஞ்சின் ஓடும்போது, லோ பீம் எரியும் நிலையில் மல்டிமீட்டரில் அளந்தேன். பேட்டரி முனையில் 14.1 வோல்ட். பல்பின் கப்ளரில் 12.3 வோல்ட். இவ்வளவு குறையுமா?

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

இதுதான் உங்கள் பிரச்சினை. 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் ஸ்விட்ச் கான்டாக்ட் தேய்ந்திருக்கும், கப்ளர் கறுத்திருக்கும், எர்த் போல்ட்டில் துரு இருக்கும், வயரும் மெல்லியது. ஹாலஜனின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்க்கணக்கில் ஏறி இறங்காது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும். 12.3ஐ 13.6க்குக் கொண்டுவந்தால், அதே பல்பில் நாற்பது சதவீதம் வரை கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை.

வழி: ரிலே கிட். ரிலே என்றால் சின்னக் கரண்ட்டில் இயங்கிப் பெரிய கரண்ட்டை விடும் ஸ்விட்ச். எச்4 ரிலே வயரிங் கிட் என்று கேட்டால் எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். இரண்டு ரிலே, இரண்டு ஹோல்டர், தடித்த வயர். ஒரு பக்கத்து ஹெட்லைட் கப்ளரை இதில் செருகினால் அது ரிலேயை இயக்கும், பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக வரும். உங்கள் ஒரிஜினல் வயரிங்கில் ஒரு வெட்டும் இல்லை. வாங்கும்போது ஹோல்டர் பீங்கானாக இருக்கிறதா, வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே தடித்த பிளாஸ்டிக், உள்ளே நூல் மாதிரி செம்பு வைத்து விற்கிறார்கள். நுனியைச் சீவிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃப்யூஸ் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பான் வழி வந்த பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், ஸ்விட்ச் எர்த் பக்கம்தான் வேலை செய்யும். அப்படி இருந்தால் சாதாரணக் கிட் ஓடாது. மாட்டும் முன், ஸ்விட்ச் ஆஃபில் கப்ளரின் மூன்று முனையையும் எர்த்தோடு வைத்து அளந்துவிடுங்கள். ஆஃபிலும் ஒரு முனையில் 12 வோல்ட் காட்டினால் அது எர்த் ஸ்விட்ச் வகை, கடையில் சொல்லி அதற்கேற்ற கிட் கேளுங்கள்.

ஹை பீம் 60, லோ பீம் 55 என்கிற 60/55 வாட் பல்பையே நல்ல கம்பெனியாகப் போடுங்கள். 100/90 வேண்டாம்.

நாகர்கோவில் போலோ:

இண்டிகேட்டர் அடிக்கும் வேகம் பற்றி யாரும் சொல்லவில்லையே. எல்இடி போட்டதும் டிக் டிக் என்று இரட்டை வேகத்தில் அடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். 21 வாட் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் எடுக்கும், எல்இடி அதில் கால்வாசிகூட எடுக்காது. பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று, அதை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃப்ளாஷர் நினைத்து வேகமாக அடிக்கிறது. பழைய வண்டிகளில் ஃப்ளாஷர் ரிலே தனியாகச் செருகியிருக்கும், அதை எல்இடி ஃப்ளாஷராக மாற்றினால் போதும். புது வண்டிகளில் அது கம்ப்யூட்டருக்குள் இருப்பதால் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். எரியும்போது அது 30 வாட்டுக்கு மேல் சூடாகும், தொட முடியாது. அதை வயரோடு டேப் சுற்றியோ, விளக்கின் பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டியோ விடுகிறார்கள், பிளாஸ்டிக் உருகும். உலோகப் பாடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும்.

நான் என் காரில் இண்டிகேட்டரை மட்டும் பழைய பல்பாகவே விட்டுவிட்டேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்இடி போட்டு, அந்த மிச்சத்தை ரெசிஸ்டரில் எரிப்பதில் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை. தவிர, ஒரு பல்பு உண்மையிலேயே போனால் வண்டி சொல்ல வேண்டும். அந்த எச்சரிக்கையை இழக்க விருப்பமில்லை.

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

முழுக்கச் சரி. நானும் இண்டிகேட்டரைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

திண்டுக்கல் வேகன்ஆர்:

நிலவரம் சொல்கிறேன். நம்பர் பிளேட், பார்க்கிங், ரிவர்ஸ், பிரேக் நான்கும் எல்இடி. இண்டிகேட்டர் பழையது. ஹெட்லைட்டுக்கு ரிலே கிட், புது ஹாலஜன். கப்ளரில் இப்போது 13.5 வோல்ட் காட்டுகிறது, வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

பிரேக் லைட்டில் ஒரு சந்தேகம். முதலில் வாங்கிய மலிவு ஜோடியில் டெயில் லைட்டுக்கும் பிரேக்குக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பகலில் சரியாகத் தெரிந்தது. இருட்டிய பிறகு தம்பியை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பத்தடி பின்னால் நின்று பார்த்தேன், மிதித்தாரா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. வேறு ஜோடி போட்டிருக்கிறேன், அதில் நன்றாகத் தெரிகிறது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

நல்ல சோதனை. டெயில் லைட் போடாமல் பிரேக் மட்டும் மிதித்து, டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பல்புக்குள் கரண்ட் திரும்பி ஓடுகிறது, மாற்றிவிடுங்கள். சரியான எல்இடி போட்டால் பிரேக்கில் ஒரு உண்மையான லாபம் உண்டு. இழை சூடாகி ஒளிர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், எல்இடி உடனே எரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவருக்கு அது ஐந்து மீட்டருக்கு மேல்.

ஹெட்லைட்டில் பாக்கி இரண்டு வேலை. கண்ணாடி மஞ்சளித்திருந்தால் 1000, 2000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே யூவி கோட்டிங் கொடுங்கள். கோட்டிங் இல்லாவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும்.

அப்புறம் எய்மிங். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக, டிரைவர் சீட்டில் ஒருவர், ஹெட்லைட் உயரத்தை மாற்றும் லெவல் திருகி வண்டியில் இருந்தால் அது பூஜ்ஜியத்தில். ஹெட்லைட் நடுவின் உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போடுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் இருக்க வேண்டும், இடப்பக்கம் மட்டும் சற்று மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் சாலையோரம் நடப்பவர்களைக் காட்டும். ஒரு விளக்கைச் சரிசெய்யும்போது மற்றதை அட்டையால் மறையுங்கள். துணி போட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள், ஹாலஜன் சூடு.

திருச்சி ஸ்கூட்டர் அக்கா:

அந்த 106ஆவது விதிச் சோதனையையும் செய்துவிடுங்கள் தம்பி, எதிரே நின்று.

சேலம் நைட் டிரைவ்:

அக்கா, நான் செய்து பார்த்தேன். 8 மீட்டரில் நிற்கவே முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழைய ஹாலஜன் டிக்கியில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுகிறேன். அண்ணா, ஒரு கேள்வி. எல்இடி போட்டதிலிருந்து எஃப்எம் ரேடியோ இரைகிறது. ஆன்டெனாதான் காரணமோ என்று மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. ஹெட்லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கோவை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

உண்டு தம்பி. எல்இடி பல்போடு வரும் டிரைவர் என்ற சின்னப் பெட்டி கரண்ட்டை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பதால் இரைச்சல் கிளம்பும். மலிவுப் பல்பில் அதைத் தடுக்கும் ஃபில்டர் இருக்காது. ரேடியோ பாடும்போது ஹெட்லைட்டை ஆஃப் செய்யுங்கள், இரைச்சல் நின்றால் அதுதான். மாட்டும்போது பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். எல்இடி விசிறிக்காக அதை வெட்டியிருந்தால் புதுசு வாங்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும். ஹாலஜன் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், தொட்டால் ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.